முப்பத்தொன்றாம் விதி

அலுவலகத்தில் அவளுக்குச் 'சுருக்கி' என்று பெயர். வைத்தவர் யாரென்று யாருக்கும் நினைவில்லை. வாயைத் திறந்தால் மூச்சு விடாமல் பேசுகிறவளுக்கு இப்படி ஒரு பெயரா என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். பேச்சைப் பார்த்து வைத்த பெயரல்ல அது, வேலையைப் பார்த்து வைத்தது. நீளநீளமான சூத்திரங்களைக் குட்டையாக்கித் தருவதுதான் பதினொரு வருடமாக அவள் வாங்கிய சம்பளத்துக்கான வேலை.

அந்தக் கம்பெனி துறைமுகக் கிரேன்களுக்குக் காவல் பெட்டி செய்தது. கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கிக் கரையில் வைக்கும் ராட்சதக் கிரேன்கள் தண்டவாளத்தின் மேல் நிற்பவை. காற்று வெறி பிடித்து அடித்தால், ஆயிரம் டன் இரும்பென்றும் பாராமல் அவற்றைத் தண்டவாளத்தோடு தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் கிரேனின் உச்சியில் ஒரு சென்சார் சுழன்றுகொண்டே இருக்கும். ஆபரேட்டரின் கேபினுக்குள் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி உட்கார்ந்து காற்றை அளந்துகொண்டே இருக்கும். அளவு மீறினால் காது கிழியக் கத்தும். கத்துகிற அதே நொடியில் கீழே சக்கரங்களின் கவ்விகள் தாமாகவே தண்டவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

பெட்டிக்குள் இருந்த கணினிச் சில்லு மலிவானது, அதில் இடமும் குறைவு. பொறியாளர்கள் எழுதித் தரும் சூத்திரமோ அரைப் பக்கத்துக்கு நீளும். அதைக் கையால் சுருக்கினால் எங்காவது ஒரு அடைப்புக்குறி தவறும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே அவள் அதற்கு ஒரு புரோகிராம் எழுதினாள். புரோகிராம் என்பதைவிட விதிகளின் பட்டியல் என்று சொல்லலாம். ஒவ்வொரு விதிக்கும் இடப்பக்கம் ஒரு வடிவம் இருக்கும், வலப்பக்கம் அதற்கு மாற்று இருக்கும். 'எதையாவது பூஜ்யத்தால் பெருக்கினால்' என்று இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கம் 'பூஜ்யம்'. 'எதோடாவது பூஜ்யத்தைக் கூட்டினால்' என்றால் 'அதுவேதான்'. அந்த 'எதையாவது' என்ற இடத்தில் ஒற்றை எழுத்தும் வந்து உட்காரலாம், பத்து வரிச் சூத்திரமும் வந்து உட்காரலாம். புரோகிராம் சூத்திரத்தை மேலிருந்து கீழ்வரை மோப்பம் பிடித்துக்கொண்டே போகும். வடிவம் பொருந்துகிற இடத்தில் பழையதைப் பிடுங்கிவிட்டு மாற்றை நடும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எந்த விதியும் எங்கும் பொருந்தாத நிலை வரும்வரை விடாது.

நூற்று நாற்பத்து மூன்று விதிகள். அவற்றில் முப்பத்தொன்றாவது, 'எதையாவது வர்க்கப்படுத்தி, அதற்கு வர்க்கமூலம் எடுத்தால், அதுவேதான்' என்றது. எழுதிய நாளில் அதில் ஒரு தவறும் இல்லை. அன்று அவள் கையில் வந்ததெல்லாம் கம்பியின் நீளம், கொக்கியின் உயரம், சுமையின் எடை. எதுவும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஐந்தை வர்க்கப்படுத்தினால் இருபத்தைந்து, அதன் வர்க்கமூலம் ஐந்து. பள்ளிக்கூடப் பிள்ளையும் தலையாட்டும்.

அவள் குடியிருந்தது அக்கா வீட்டு மாடி அறையில். அத்தான் அந்த ஊர்த் துறைமுகத்திலேயே கிரேன் ஆபரேட்டர். நாற்பது மீட்டர் உயரத்தில், கால்களுக்கு நடுவே கண்ணாடித் தரை வைத்த கேபினில் குனிந்து குனிந்து வேலை பார்த்து, தரையில் நடக்கும்போதும் கூன் விழுந்தவர் மாதிரியே நடப்பார். மச்சினி செய்த பெட்டி தன் தலைமாட்டில் இருப்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கக் கிண்டல் செய்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டார்.

"என்ன மச்சினி, உன் பொட்டிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

"ஏன் அத்தான், என்ன ஆச்சு?"

"வெள்ளிக்கிழமை சரியான காத்து. எப்பவும் லைட்ஹவுஸ் பக்கமிருந்துதானே அடிக்கும்? அன்னிக்குத் தலைகீழா மில் பக்கமிருந்து அடிச்சுது. கேபின் ஊஞ்சல் மாதிரி ஆடுது. உன் பொட்டி என்னடான்னா மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி கம்முனு உக்காந்திருக்கு."

"அளவுக்குள்ள இருந்திருக்கும்."

"மேல உக்காந்திருக்கிறவனுக்கு அளவு தெரியாதா? நானே கவ்வியப் போட்டுட்டு இறங்கி வந்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. இல்லன்னா அது கத்துறதக் கேட்டு நீங்க மயக்கம் போட்டிருப்பீங்க" என்றாள் அவள். அக்கா சிரித்தாள். பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

மாடிப்படி ஏறும்போதுதான் அந்த வார்த்தை காலில் முள்ளாகத் தைத்தது. தலைகீழாக. எட்டாம் படியிலேயே நின்றுவிட்டாள். எதற்கு நின்றோம் என்று அவளுக்கே புரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் பரிசோதனை மேசைக்குப் போனாள். அங்கே ஒரு பெட்டி எப்போதும் மின்சாரம் கொடுத்துத் தயாராக இருக்கும். சென்சாரைக் கழற்றிவிட்டு, காற்றின் வேகத்தை, நொடிக்கு இத்தனை மீட்டர் என்று, தானே கையால் தட்டிக் கொடுத்தாள். இருபத்தைந்து. பெட்டி அலறியது. பக்கத்து மேசைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். நிறுத்திவிட்டு, முன்னால் கழித்தல் குறி வைத்து மறுபடி தட்டினாள். கழித்தல் இருபத்தைந்து.

அமைதி.

கழித்தல் நாற்பது. அமைதி. கழித்தல் அறுபது. அறுபது என்றால் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற காற்று. பெட்டியின் பச்சை விளக்கு சாதுவாக எரிந்துகொண்டிருந்தது.

மூலச் சூத்திரத்தை எடுத்தாள். பொறியாளர் எழுதியதில் பிழையே இல்லை. தண்டவாளத்தின் நெடுக்கே அடிக்கும் காற்றையும் குறுக்கே அடிக்கும் காற்றையும் தனித்தனியே வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்திருந்தார். நெடுக்கே ஒரு திசையிலிருந்து வரும் காற்று கூட்டல், எதிர்த்திசையிலிருந்து வருவது கழித்தல். வர்க்கப்படுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் பெட்டி கத்தும். பழைய மாடல் பெட்டிகள் அப்படித்தான் கத்தின.

நான்கு வருடத்துக்கு முன்பு புது மாடல் வந்தது. குறுக்குக் காற்றுக்கெல்லாம் பெட்டி வீணாகக் கத்துகிறது, கிரேன் நெடுக்கேதானே ஓடும் என்று வாங்குகிறவர்கள் சொன்னார்கள். அதனால் குறுக்குக் காற்றைப் பூஜ்யத்தால் பெருக்கிவிட்டார்கள். அந்தச் சூத்திரம் அவளுடைய புரோகிராமுக்குள் போனது. ஒரு விதி குறுக்குக் காற்றை மொத்தமாகப் பூஜ்யமாக்கியது. இன்னொரு விதி அந்தப் பூஜ்யத்தைத் துடைத்தெறிந்தது. மிஞ்சியது நெடுக்குக் காற்றின் வர்க்கம், அதன் வர்க்கமூலம். அதற்காகவே ஆறேழு வருடமாகப் பதுங்கிக் காத்திருந்தது போல, முப்பத்தொன்றாம் விதி பாய்ந்து வந்து பொருந்தியது. அதுவேதான். அரைப் பக்கச் சூத்திரம் ஒற்றை எழுத்தானது. கழித்தல் குறியும் அதோடு தப்பி உள்ளே வந்துவிட்டது. கழித்தல் அறுபது எந்தக் காலத்தில் எச்சரிக்கை எல்லையான இருபதை மீறும்?

அந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இவ்வளவு நீளம் இத்தனை சின்னதாகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். பரிசோதனைக்கு ஒரு பெரிய மின்விசிறியை வைத்து ஊதினார்கள், அதுவும் ஒரே பக்கமிருந்து.

பழுது பார்த்த அறிக்கைகளின் கோப்பைப் புரட்டினாள். மூன்று வருடத்துக் காகிதங்களைச் சல்லடை போட்டுச் சலித்ததில் ஒன்று அகப்பட்டது. வடக்கே தொலைவிலிருக்கும் ஒரு துறைமுகத்திலிருந்து வந்த புகார். 'நல்ல காற்றிலும் பெட்டி கத்தவில்லை.' அதன் கீழே ரிப்பேர்காரரின் கையெழுத்து. 'சென்சாரை எதிர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டியதும் சரியாகிவிட்டது. வாடிக்கையாளருக்குத் திருப்தி.'

சரியாகவில்லை. குருட்டுக் கண் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

மேலாளருக்கு அலுவலகத்தில் 'நிதானம்' என்று பெயர். எதற்கும் அந்தச் சொல்லோடுதான் தொடங்குவார். பதினொரு மணிக்கு அவர் அறையில் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நிதானம்மா, நிதானம். எத்தனை பெட்டி போயிருக்கு?"

"புது மாடல் இருநூத்திப் பன்னெண்டு சார்."

"இத்தனை வருஷத்துல ஏதாவது ஆச்சா?"

"இதுவரைக்கும் இல்ல. ஆனா காத்து திரும்புற மாசம் இது. இன்னைக்கே எல்லாத் துறைமுகத்துக்கும் சொல்லிடணும் சார். போன்லயாவது. பொட்டிய நம்பாதீங்கன்னு ஒரு வார்த்தை."

"பெட்டிய நம்பாதீங்கன்னு பெட்டி விக்கிறவனே சொன்னா எப்படிம்மா? வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முறையா கடிதம் எழுதுவோம். ரெண்டு நாள். அதுவரைக்கும் இது இந்த ரூமைத் தாண்டக் கூடாது. புரியுதா?"

"சரி சார்" என்றாள்.

அந்த 'சரி சார்' எப்படித் தன் வாயிலிருந்து வந்தது என்று பின்னாளில் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். வருகிற சொல்லுக்கெல்லாம் பத்துச் சொல் திருப்பித் தருகிறவளுக்கு அன்று வேறு எதுவும் வரவில்லை. அறையை விட்டு வெளியே வந்தாள். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று அத்தானுக்குப் போன் போட்டாள்.

"அத்தான், கேபின்ல இருக்கீங்களா? இறங்கிடுங்க."

"என்னடி இது, திடீர்னு? காத்தே இல்லையே."

"அந்தப் பொட்டி ஒரு பக்கம் செவிடு. மில் பக்கமிருந்து அடிச்சா அது கத்தாது, கவ்வியும் விழாது. நான் எழுதின விதியாலதான். உங்க ஆளுங்ககிட்டயும் சொல்லிடுங்க. கையில பிடிக்கிற மீட்டர வச்சுப் பார்த்துக்கங்க, கொடியப் பார்த்துக்கங்க. பொட்டிய மட்டும் பார்க்காதீங்க."

அவர் கேட்டார், "மத்த ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்றாங்க. மேனேஜர் பார்த்துக்கறேன்னுட்டார்."

"அப்ப சரி" என்றார் அவர்.

செவ்வாய் முழுக்க அவள் உருப்படியாக எதுவும் செய்யவில்லை. முப்பத்தொன்றாம் விதியைத் திறந்து, 'அது பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்றால் மட்டும்' என்று ஒரு நிபந்தனை சேர்த்தாள். எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திருத்திய புரோகிராமில் சூத்திரத்தை மறுபடி ஓட்டினாள். முப்பத்தொன்று இம்முறை பொருந்தாமல் விலகி நின்றது. கணினியில் எல்லாம் சரியாகிவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு கிரேன்களின் கேபின்களில் எதுவும் மாறவில்லை. நான்கு முறை நிதானத்தின் அறை வாசல் வரை போனாள். இரண்டு முறை அவர் போனில் இருந்தார். ஒரு முறை கையைக் காட்டி, 'எழுதிக்கிட்டிருக்காங்க' என்றார். கடைசி முறை கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை.

அவள் கைப்பையில் இருபத்தேழு துறைமுகங்களின் தொலைபேசி எண்கள் எழுதிய காகிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. திங்கட்கிழமையே எழுதியது.

புதன்கிழமை மூன்று மணிக்குச் சற்று முன்பு ரிப்பேர்காரர் மாடியேறி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அவர் எந்தத் துறைமுகத்தின் பெயரைச் சொல்லப்போகிறார் என்று, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வடக்கே, சென்சாரைத் திருப்பி மாட்டிய அதே கிரேன். காற்று இரண்டு மணி வாக்கில் சட்டென்று திசை மாறியிருக்கிறது. ஆபரேட்டர் கன்டெய்னரைப் பாதி தூக்கியிருந்தார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததால் அவர் வேலையை நிறுத்தவில்லை. கிரேன் மெல்ல நகர்ந்து, ஓடி, தண்டவாளத்தின் கோடியில் இருந்த தடுப்பில் மோதி, கப்பல் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. மற்ற யாருக்கும் அடியில்லை. ஆபரேட்டர் ஒருவர்தான் போய்விட்டார். கேபினில் மைக்கை அணைக்க மறந்து பாடிக்கொண்டே இருப்பாராம். அதனால் கீழே உள்ளவர்கள் அவரைப் 'பாட்டுக்காரர்' என்று கூப்பிடுவார்களாம்.

நிதானத்தின் மேசையில் கடிதம் தட்டச்சாகி, கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். தலைமை வகித்தவர் நரைத்த தலையும் தாழ்ந்த குரலும் கொண்ட ஒரு பெண் பொறியாளர். சுருக்கி தன் நோட்டை மேசையில் விரித்து வைத்து, சூத்திரம் எப்படிச் சுருங்கியது என்று படிப்படியாகச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. தலைவர் குறிப்பெடுத்துக்கொண்டே வந்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"திங்கட்கிழமை. பத்தே முக்கால் இருக்கும்."

"விபத்து நடந்தது புதன் ரெண்டு மணிக்கு. நடுவுல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"மேலாளர்கிட்ட சொன்னேன்."

"அவரத் தவிர?"

"எங்க அத்தான்கிட்ட. அவரும் கிரேன் ஆபரேட்டர்."

பின்வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தலைவர் திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் பேனாவை எடுத்து அந்த ஒரு வரியையும் எழுதிக்கொண்டு, "நீங்க போகலாம்" என்றார்.

வெளியே நடைபாதையில் பாட்டுக்காரரின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு இருந்தது. பின்வரிசையில் நாற்காலியை நகர்த்தியது அவர்தான். சுருக்கி எதிரே போய் நின்றாள். கையைக் கூப்பினாள்.

"செத்த வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் விதி, விதின்னுதான் சொன்னாங்க" என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. "நானும் அப்படித்தான்னு நினைச்சேன். உள்ள நீங்க சொல்றப்பத்தான் தெரிஞ்சுது, அதுக்கு ஒரு நம்பரே இருக்குன்னு."

"அம்மா..."

"உங்க அத்தான் நல்லா இருக்காரா?"

அந்த அம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளிருந்து கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டார்.

அறிக்கை ஏழு மாதம் கழித்து வந்தது. நிதானத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். கம்பெனி பெட்டி செய்வதை விட்டது. சுருக்கிக்குத் தண்டனை எதுவும் இல்லை. 'இந்த ஊழியர் பிழையைத் தானாகவே கண்டுபிடித்து மேலிடத்துக்குத் தெரிவித்தார்' என்று ஒரு வரி அவளுக்குச் சாதகமாகவே எழுதப்பட்டிருந்தது. அக்கா அதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். "நீ மட்டும் போன் பண்ணலன்னா இந்த வீடு என்ன ஆகியிருக்கும்" என்று ஒரு நாள் கண் கலங்கினாள். அதைக் கேட்டதும் சுருக்கி தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். அத்தான் அப்படி எதுவும் சொல்வதில்லை. கிண்டலும் நின்றுபோயிற்று. ஒரு முறை மட்டும், ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அன்னிக்கு 'அப்ப சரி'ன்னு போனை வச்சேன் பாரு. எனக்கும் நம்பர் தெரியாதா? வடக்க நம்ம கூட்டாளிங்க இல்லையா?" என்றார்.

பெட்டிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை அரசாங்கத்தின் பாதுகாப்பு அலுவலகம் எடுத்துக்கொண்டது. பட்டியலையும் பெட்டியையும் தெரிந்த ஆள் வேண்டுமென்று தேடினார்கள். அவள் தானே போய்க் கேட்டாள், தற்காலிக வேலைதான் என்றார்கள். ஜன்னலில்லாத அறையில் ஒரு மேசை, ஒரு போன், இருநூற்றுப் பன்னிரண்டு வரிசை எண்கள். முதல் மூன்று மாதத்திலேயே நூற்றுத் தொண்ணூறு வந்துவிட்டன. வந்த ஒவ்வொன்றையும் கையால் உடைத்து, பட்டியலில் அதன் எண்ணை அடித்துவிட்டாள். அடுத்த பதினாறுக்கு ஒரு வருடம் பிடித்தது. அவற்றில் ஒன்று ஒரு கிடங்கில் பெயின்ட் டப்பாக்களுக்குக் கீழே கிடந்தது. இன்னொன்றைத் தேடி அவளே பஸ் ஏறிப் போய், கிரேன் கேபின் வரை ஏணியில் ஏறி, கழற்றிக்கொண்டு வந்தாள்.

மீதி ஆறு. அந்தக் கிரேன்கள் கைமாறி, பெயின்ட் மாறி, எண் மாறி, எங்கெங்கோ போய்விட்டன. வாங்கியவர் விற்றவரைக் கைகாட்டுவார், விற்றவர் தரகரைக் கைகாட்டுவார், தரகரின் எண் வேலை செய்யாது.

சென்ற வாரம் ஒரு துறைமுகத்தின் பழைய பொருள் விற்பனைப் பிரிவில் ஒருவர் போனை எடுத்தார். அவள் வரிசை எண்ணைச் சொன்னாள்.

"ஆமாங்க, அந்தக் கிரேன் எங்ககிட்டதான் இருந்துச்சு. போன வருஷம் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டோம்."

"எங்க?"

"வாங்கினவன் சொல்லல. கிழக்க எங்கயோ புதுசா ஒரு துறைமுகம் கட்டுறாங்களாம். அங்கன்னு நினைக்கிறேன்."

"பெட்டி? கேபின்ல ஒரு சின்னப் பெட்டி இருக்குமே, கழட்டினீங்களா?"

"அதெல்லாம் பத்திரமா வச்சுத்தாங்க அனுப்பினோம். துடைச்சு, புது ஒயர் போட்டு, ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தோம். பச்சை லைட் நல்லா எரிஞ்சுது."

அவள் கிரேனின் புது எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டாள். தொடர்பு துண்டிக்கப்பட்டது. சுவரில் தொங்கிய வரைபடத்தின் முன்னால் போய் நின்று, கிழக்குக் கரையை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தாள். கட்டிக்கொண்டிருக்கும் துறைமுகங்கள் ஒன்பது இருந்தன. காற்று திரும்ப இன்னும் மூன்று வாரம்தான். முதல் துறைமுகத்தின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.